பிறந்த குழந்தையின் வேக மூச்சு: அது குடித்த நீர் அல்ல

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு இது முதல் பிரசவம். வலி தொடங்கும் முன்பே, 37 வாரமும் 2 நாளும் ஆன நிலையில், வீட்டார் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், சேலத்தில் அறுவை சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எடை 2 கிலோ 900 கிராம். பிறந்தவுடன் நன்றாக அழுத குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் மேல்மூச்சு வாங்கத் தொடங்கி, நிமிடத்துக்கு 84 வரை எண்ணியிருக்கிறார்கள். இப்போது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் குழாயோடு இருக்கிறது. பனிக்குட நீரைக் குழந்தை குடித்துவிட்டது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், பழி முழுவதும் தங்கையின் மேல் விழுகிறது என்றும், தாய்ப்பால் கொடுக்கவும் விடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இது நுரையீரல் கோளாறா, சரியாகிவிடுமா, சரியானாலும் மலைக்கு அழைத்து வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் மருமகனை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், நாங்கள் டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்லும் தற்காலிக வேக மூச்சாக இது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வலி வராமல் செய்த அறுவை சிகிச்சை, 39 வாரம் நிறையாத பிறப்பு, முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிய வேகம், ஆண் குழந்தை ஆகிய நான்குமே அதனோடு பொருந்துகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். சிலருக்கு ஐந்து நாள் வரை இழுக்கும். தணிந்த பிறகு நுரையீரலில் தழும்போ குறையோ தங்குவதில்லை. "வாய்ப்பு அதிகம்" என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த நீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கையின் மேல் விழுந்திருக்கும் பழி அங்கிருந்துதான் வருகிறது.

இந்தத் துறைக்கு வந்த புதிதில், இதே போன்ற ஒரு குழந்தையின் வீட்டாரிடம் வாசலில் நின்றபடியே, "நெஞ்சுல கொஞ்சம் தண்ணி இருக்கு, அதான் மூச்சு வாங்குது, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை, தாயிடமிருந்து பீய்ச்சி வந்த பால் எவ்வளவு என்று செவிலியரிடம் கேட்டபோது, அவர் பாலாடையைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஈரம் மட்டும்தான் ஒட்டியிருந்தது. வார்டுக்குப் போய்ப் பார்த்தால், அந்தப் பெண்ணின் உதடு வறண்டு வெடித்திருந்தது. முந்தைய நாள் மதியத்திலிருந்து மாத்திரை விழுங்க இரண்டு வாய் வெந்நீர் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். "புள்ளைக்கே நெஞ்சுல தண்ணி கட்டியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா இன்னும் ஏறாதா?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நான் பாதியில் விட்டுப் போன சொல்லைத் தமக்குத் தெரிந்த அளவில் அவர் நிறைவு செய்துகொண்டார், அவ்வளவுதான். அன்று முதல் "தண்ணீர்" என்ற சொல்லை அதன் கதையை முழுவதும் சொல்லாமல் நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களுக்கும் அதை முழுவதுமாகவே சொல்கிறேன்.

கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது; அது நீரால் நிறைந்திருக்கிறது. அந்த நீர் வெளியிலிருந்து உள்ளே போனது அல்ல. நுரையீரலின் உட்சுவரில் உள்ள செல்களே உப்பையும் நீரையும் இடைவிடாமல் சுரந்து காற்றறைகளை நிரப்பி வைக்கின்றன. உள்ளிருந்து அந்த நீர் கொடுக்கும் அழுத்தத்தில்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. அது போதாமல் போனால் நுரையீரல் சிறுத்துப்போகும். நிறைமாதத்தில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லி வரை இந்த நீர் இருக்கும் என்பதால், உங்கள் மருமகனின் எடைக்கு அது 80 மில்லி அளவில், அதாவது வீட்டுக் காபி டம்ளரில் பாதி அளவு இருந்திருக்கும். சுரந்ததில் ஒரு பகுதி மூச்சுக்குழல் வழியே மேலேறி வெளிவந்து பனிக்குட நீரோடு கலக்கிறது. ஆகவே உண்மை ஊரார் சொல்வதற்கு நேர்மாறானது: பனிக்குட நீர் நுரையீரலுக்குள் போய் இந்த நோய் வரவில்லை; நுரையீரலின் நீரே பனிக்குடத்துக்கு வந்துகொண்டிருந்தது. குழந்தை எதையும் குடிக்கவில்லை, தாய் எதையும் குடிக்க விடவுமில்லை.

பிறக்கும் நேரத்தில் இந்த நீர் வெளியேற வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய நாட்களிலேயே சுரப்பு குறையத் தொடங்குகிறது. வலி தொடங்கியதும் குழந்தையின் இரத்தத்தில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் பெருகுகின்றன. அந்தச் சமிக்ஞை கிடைத்தவுடன், அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த அதே செல்கள் சோடியத்துக்கான வாயில்களைத் திறந்து உப்பை உள்ளே இழுக்கின்றன, உப்பின் பின்னால் நீரும் போகிறது. அதுவரை ஊற்றாக இருந்த சுவர் இப்போது உறிஞ்சும் சுவராகிவிடுகிறது. பிறந்ததும் எடுக்கும் முதல் மூச்சுகள் மிச்ச நீரைக் காற்றறைகளிலிருந்து சுற்றியுள்ள திசுவுக்குத் தள்ளுகின்றன. அங்கிருந்து நிணநீர்க் குழாய்களும் இரத்தக் குழாய்களும் சில மணி நேரத்தில் அதை வடித்து எடுத்துவிடுகின்றன. குழந்தை பிறப்புப் பாதையில் நசுங்கி வரும்போது நெஞ்சிலிருந்து நீர் பிழியப்படுகிறது என்பதைப் பழைய பாடநூல்கள் பெரிதாகச் சொல்லும். வெளியேறும் நீரில் அதன் பங்கு சிறியது என்றே இன்று கருதப்படுகிறது. "அவள் முக்கவில்லை, அதனால்தான்" என்று யாராவது சொன்னால் அதற்கும் மருத்துவத்தில் இடமில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வலி வராமலே அறுவை சிகிச்சை செய்யும்போது அந்த அட்ரினலின் பெருக்கு நடப்பதில்லை. சுவர் உறிஞ்சத் தொடங்குமுன்பே குழந்தை வெளியே வந்துவிடுகிறது. நனைந்த நுரையீரல் விறைப்பாக இருக்கும், எளிதில் விரியாது. ஆழமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மிகுந்த உழைப்பு தேவைப்படுவதால், தலையில் சுமையோடு மேடேறுபவர் சின்னச் சின்னதாக வாங்குவதைப் போல, குழந்தையும் மேலோட்டமான மூச்சுகளை வேகமாக எடுத்துச் சமாளிக்கிறது. நலமான பச்சிளங்குழந்தையின் மூச்சு நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருக்கும். இந்நிலையில் அது 80, 100, சில நேரம் 120 வரைகூடப் போகும். மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடும், வெளிமூச்சின்போது "ம்ம்… ம்ம்…" என்று ஒரு முனகல் கேட்கும். அந்த முனகல் வலியால் வருவது என்று தாய்மார்கள் கலங்குவார்கள். உண்மையில், காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி குழந்தை தொண்டையைப் பாதி மூடிக் காற்றைப் பிடித்து வைக்கும்போது எழும் ஒலி அது. மூக்கில் குழாய் பொருத்திச் சிபாப் என்ற கருவி செய்வதும் இதே வேலையைத்தான்: இலேசான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, குழந்தை தானாகச் செய்ய முயல்வதை எளிதாக்குகிறது. ஆகவே மூக்குக் குழாயைப் பார்த்து, குழந்தை செயற்கை மூச்சில் இருக்கிறது என்று அஞ்ச வேண்டாம். உங்கள் மருமகன் தன் மூச்சைத் தானேதான் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

நிறைமாதத்தில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 5 அல்லது 6 பேருக்கு இது வருகிறது. தாய்க்குச் சர்க்கரை நோய் அல்லது ஆஸ்துமா இருந்தாலும், இரட்டைக் குழந்தைகளானாலும், பிரசவம் மிக விரைவாக நடந்து முடிந்தாலும் வாய்ப்புக் கூடும். சுகப்பிரசவத்திலும் வருவதுண்டு. ஆனால் எங்கள் பிரிவில் நான் காண்பவற்றுள் தடுத்திருக்கக்கூடிய காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், வலி வருமுன் 37, 38-ஆம் வாரத்தில் நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சையைத்தான் சொல்வேன். டென்மார்க்கில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கணக்கில் எடுத்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பே திட்டமிட்டு அறுவை செய்து பிறந்த குழந்தைகளில், 37-ஆம் வாரத்தில் பிறந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு ஏதோ ஒரு வகை மூச்சுத் தொல்லை வந்தது. 38-ஆம் வாரத்தில் அது 5 ஆகவும், 39-ஆம் வாரத்தில் 2 ஆகவும் குறைந்தது. இரண்டே வாரக் காத்திருப்பில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் ஆபத்து இது.

நாள், நட்சத்திரம் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; என் வீட்டிலும் பார்ப்பார்கள். என் வேண்டுகோள் ஒன்றே: ஜோதிடரிடம் போகுமுன் மகப்பேறு மருத்துவரிடம் 39 வாரம் நிறையும் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிந்தைய நாட்களில் நல்ல நேரம் எது என்று கேளுங்கள். அந்த 39 வாரத்தையும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்துக் கணக்கிட்டால்தான் நம்பலாம். கடைசி மாதவிலக்கு நாளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் 37 என்று இருப்பது உண்மையில் 36 ஆகவும் இருக்கலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தையின் வளர்ச்சி நின்றாலோ, பனிக்குட நீர் வற்றினாலோ முன்கூட்டியே எடுப்பதுதான் சரி. அங்கே மூச்சுத் தொல்லையை விடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. அப்படிப்பட்ட காரணம் இல்லாதபோது, வலி தொடங்கிய பின் அறுவை செய்தால்கூடக் குழந்தைக்கு நன்மைதான், ஏனெனில் அந்தச் சில மணி நேர வலியிலேயே நுரையீரல் நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். உங்கள் தங்கை விஷயத்தில் இது முடிந்துபோன ஒன்று. நாள் குறித்தவர்களை இப்போது நிறுத்தி வைத்துக் கேட்பதால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்த பிரசவத்துக்கு மட்டும் மனத்தில் வையுங்கள்.

இனி அந்த "வாய்ப்பு அதிகம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மேரி எல்லன் ஏவரி தம் சக மருத்துவர்களோடு இந்த நிலையை 1966-ல் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், குறைமாதக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த மற்றொரு மூச்சுத்திணறல் நோய்க்கு, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் நுரையீரலில் போதாததே காரணம் என்று கண்டறிந்தவரும் அவரே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றும் எங்கள் முதல் நாள் வேலை. ஏனெனில் டி.டி.என்.-ஐ உறுதிப்படுத்த ஒரு தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. சர்ஃபாக்டன்ட் குறைவு, நிமோனியா, இரத்தத்தில் கிருமித் தொற்று, பிறவி இதயக் கோளாறு, குழந்தை கருவிலேயே மலம் கழித்து அது நுரையீரலுக்குள் போய்விடுதல், நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிதல் ஆகிய அனைத்துமே முதல் மணி நேரங்களில் இதே வேக மூச்சாகத்தான் தலைகாட்டும். உடல் குளிர்ந்துபோனாலும் சர்க்கரை இறங்கினாலும்கூட மூச்சு வேகமாகும். மற்றவை ஒவ்வொன்றாக விலகி, குழந்தையும் தேறிய பிறகுதான் "இது டி.டி.என்." என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. "இருபத்து நாலு மணி நேரம் போகட்டும், பார்த்துச் சொல்கிறோம்" என்று மருத்துவர் சொல்லும்போது அவர் எதையோ மறைக்கிறார் என்று உறவினர்கள் நினைத்துவிடுகிறார்கள். அவர் மறைக்கவில்லை, அந்த நேரத்தில் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

எக்ஸ்ரே ஓரளவு உதவும். வலது நுரையீரலின் மடல்களுக்கு இடையே மெல்லிய வெள்ளைக் கோடாக நீர் தேங்கி நிற்பதும், நடுப்பகுதியிலிருந்து கோடுகள் பரவுவதும், நுரையீரல் சற்று உப்பித் தெரிவதும் இதன் அடையாளங்கள். இரண்டு மூன்று நாளில் எடுக்கும் அடுத்த படத்தில் அவை மறைந்திருக்கும். ஆனால் படத்தை விட நான் நம்புவது நேரத்தின் போக்கை. டி.டி.என். தொடக்கத்தில்தான் கடுமையாக இருக்கும், பிறகு தேறிக்கொண்டே வரும். ஒரு நாள் கழிந்த பின்னும் மோசமாகிக்கொண்டே போனாலோ, 100-க்கு 40 பங்குக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ, வேறு நோயைத் தேடியே ஆக வேண்டும். முதல் நாள் முழுவதும் நலமாகப் பால் குடித்த ஒரு குழந்தைக்கு இரண்டாம் நாள் இரவு மூச்சு 70-ஐத் தாண்டியபோது, அறுவையில் பிறந்ததுதானே, நீராக இருக்கும் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். நீராக இருந்தால் அது பிறந்த அன்றே தெரிந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு இருந்தது இரத்தத்தில் தொற்று; அன்றிரவே மருந்து தொடங்கியதால் பிழைத்தது. உங்கள் மருமகனுக்கு இப்போது ஊசி மூலம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால், அது இந்தச் சந்தேகத்துக்காகத்தான் இருக்கும். இரத்தக் கல்ச்சர் முடிவு வர 36 முதல் 48 மணி நேரம் ஆகும். கிருமி இல்லை என்று வந்து, குழந்தையும் தேறியிருந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

நீரை வெளியேற்ற மருந்து இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். சிறுநீர் பெருக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நோய் நாட்கள் குறையவில்லை. நெபுலைசர் மருந்தையும் வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை. குழந்தையை வெதுவெதுப்பாக வைப்பது, சர்க்கரையைக் கவனிப்பது, தேவையான அளவு மட்டும் ஆக்சிஜனும் அழுத்தக் காற்றும் கொடுப்பது, நீர்ச்சத்தை அளவோடு தருவது, பிறகு காத்திருப்பது. சிகிச்சை என்பது இவ்வளவே. வெளியே நிற்பவர்களுக்கு எதுவுமே செய்யாமல் வைத்திருப்பது போலத் தோன்றலாம். உள்ளே ஒரு செவிலியர் மணிக்கு மணி அந்தக் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பால் கொடுக்க விடாததற்கும் காரணம் இதே மூச்சுதான். குழந்தை ஒரு வாய் பாலை உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். நிமிடத்துக்கு 80 மூச்சு எடுக்கும் குழந்தைக்கு விழுங்குவதற்கான இடைவெளியே கிடைக்காது, பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதனால் மூச்சு 60-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் வழியாகப் பாலும், அதற்கு மேல் இருந்தால் நரம்பு வழியாகக் குளுக்கோஸும் கொடுப்பது பரவலான வழக்கம். பாட்டிமார் யாரும் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ விரலில் தொட்டு வைக்கவும், கழுதைப்பால் புகட்டவும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் வேண்டாம்.

உங்கள் தங்கை இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தாயைத் தவிர வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. பிறந்த சில மணி நேரத்திலிருந்தே, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறையாக, இரவிலும் விடாமல் ஒரு நாளில் எட்டு முறையாவது, சீம்பாலைக் கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும். முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில சொட்டுகள், அதிகம் போனால் ஒரு தேக்கரண்டி வரும். பால் இல்லை என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். குழந்தை வாய் வைக்காத அந்த இரண்டு நாளில் மார்பைத் தூண்டாமல் விட்டால்தான் பால் பின்தங்கும். மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக வரும் அந்தச் சொட்டுகளைச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து உள்ளே கொடுத்தனுப்பினால், குழாய் வழியாக அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். அறுவைத் தையலின் வலியோடு எழுந்து உட்கார்ந்து பால் பீய்ச்சுவது எளிதல்ல. முதுகுக்குத் தலையணை வைத்துவிட ஒருவர் அருகில் இருக்கட்டும், சாப்பாடும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கட்டும்.

மலைக்கு எப்போது அழைத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வந்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதை விட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. நலமான குழந்தைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மலையில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பிறந்து வளரத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆக்சிஜனை நேற்றுத்தான் நிறுத்திய குழந்தைக்கு அது சிறு சுமைதான். வெறும் காற்றிலேயே ஒரு முழு நாள், தூக்கத்திலும் பால் குடிக்கும்போதும், ஆக்சிஜன் அளவு குறையாமல் நிற்கிறது, மூச்சு 60-க்குக் கீழ் இருக்கிறது, மார்பில் தானே குடிக்கிறது என்ற மூன்றும் நிறைவேறிய பிறகு அழைத்துப் போங்கள். வீடு மலையில் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடிவாரத்தில் இருப்பவருக்கு இன்று கொடுக்கும் அனுமதியை உங்களுக்கு ஒரு நாள் தள்ளிக் கொடுப்பார். இரு சக்கர வாகனம் கூடாது. தலைக்குக் குல்லாவும் காலுக்கு உறையும் போட்டு, தாயின் மார்போடு அணைத்தபடி வரட்டும்.

மலையில் நான் காற்றழுத்தத்தை விட அதிகம் அஞ்சுவது குளிரையும் புகையையும்தான். குளிர்ந்துபோன குழந்தை உடல் சூட்டைக் காக்க அதிக ஆக்சிஜனைச் செலவிடும், மூச்சும் வேகமாகும். ஆடை இல்லாமல் தாயின் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து மேலே போர்த்தும் கங்காரு முறை எந்தக் கம்பளியை விடவும் மேலானது. அப்பாவும் செய்யலாம், தாய்மாமனும் செய்யலாம். விறகடுப்பு எரியும் அறையில் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம், குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகையும் காட்ட வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், தொக்கம் எடுக்கிறேன் என்பவரிடம் கொண்டு போவதும் நலமாக இருந்த நுரையீரலைக் கெடுத்து எங்களிடம் அனுப்பி வைக்கும்.

வீட்டில் ஒருவராவது மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், தூங்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இந்த வயதில் தவறாகிவிடும், ஏனென்றால் பச்சிளங்குழந்தை சில மூச்சுகளை வேகமாக எடுத்து, ஐந்து பத்து நொடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். அந்த இடைவெளி இயல்பானதே. 20 நொடி நீண்டாலோ, அதோடு நிறம் மாறினாலோதான் இயல்பு அல்ல. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே வந்தாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுபட்டாலோ, முனகினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, இரவு என்றும் மழை என்றும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை வாயில் எதுவும் புகட்டாமல், தாயின் நெஞ்சோடு வெதுவெதுப்பாக வைத்திருங்கள். ஏற்காட்டில் உள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, ஆக்சிஜன் தேவையா என்று பார்த்துக்கொண்டு மலை இறங்குவது, நேரே சேலத்துக்கு விரைவதை விடப் பாதுகாப்பானது. பணத்துக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம்.

பின்னாளில் ஆஸ்துமா வருமா என்றும் யாராவது உங்களைப் பயமுறுத்தக்கூடும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இளம் வயதில் வீசிங் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. குடும்பத்தில் ஆஸ்துமா இருந்தால் கவனமாக இருங்கள். இல்லையென்றால் மற்றக் குழந்தைகளுக்குச் செய்யும் தடுப்பூசியும் பராமரிப்பும் போதும்.

இன்று மாலை மருத்துவரைப் பார்க்கும்போது "எப்படி இருக்கிறான்" என்று மட்டும் கேட்காமல், இப்போது மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எத்தனை பங்கு, நேற்று எத்தனை பங்கு, குழாயில் எத்தனை மில்லி பால் போகிறது என்று கேளுங்கள். மூச்சும் ஆக்சிஜனும் நேற்றை விட இறங்கி, பாலின் அளவு ஏறினால் குழந்தை தேறுகிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். தங்கையை ஒரு முறையாவது உள்ளே அழைத்துப் போய்க் குழந்தையைத் தொட விடச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டும்போது, அவருடைய மாமியாரும் அருகில் இருக்கட்டும்.